முப்பத்து மூன்றாவது வினாடியில் தடுமாறிய ரோபோ

தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேல் தானாக ஓடி, எதிரே ஏதாவது குறுக்கிட்டால் நின்றுவிடும் இரு சக்கர ரோபோ ஒன்றைச் செய்து, அதற்கான நிரலை முழுவதும் நானே எழுத வேண்டும் என்று மூன்று மாதங்களுக்கு முன் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். கணினியில் சிறிய நிரல்கள் எழுதிய பழக்கம் எனக்கு ஓரளவு இருந்தது. மின்சுற்று, மோட்டார், சாலிடரிங் ஆகியவற்றில் அனுபவம் அறவே இல்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் ஒன்றை எடுத்து ஏற்றியிருந்தால் ஒரே மாலையில் வண்டி ஓடியிருக்கும். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த வரிக்குப் போவது என்று உறுதி செய்துகொண்டு, வழியில் வந்த பிழைகளை எல்லாம் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வந்தேன்.

இப்போது அந்த நோட்டைப் புரட்டும்போது, பெரும்பாலான பிழைகள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று தெரிகிறது. நிரலுக்குள் நேரம் எப்படிக் கழிகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. திரையில் விடை காட்டும் நிரல் கால் வினாடி தாமதித்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. வினாடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் உருளும் வண்டிக்கோ அந்தக் கால் வினாடி என்பது 10 சென்டிமீட்டர் தூரம்.

வண்டியின் அமைப்பு எளிமையானது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் 1:48 விகிதப் பல்சக்கரங்கள் கொண்ட இரண்டு கியர் மோட்டார்கள், 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு சக்கரங்கள், முன்னால் எப்பக்கமும் திரும்பும் ஒரு சிறு உருளை, நடுவில் நிரலை ஏற்றி இயக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகை, அதற்குப் பக்கத்தில் மோட்டார்களுக்கு மின்சாரத்தைச் செலுத்தும் எல்298என் மோட்டார் டிரைவர், அடியில் தரையைப் பார்த்தபடி மூன்று ஐஆர் சென்சார்கள். தடை அறிவதற்கான அல்ட்ராசோனிக் சென்சாரைப் பிறகுதான் சேர்த்தேன்.

மோட்டாரை ஆர்டுயினோவின் பின்னில் (கம்பி செருகும் முனையில்) நேராக இணைக்கக் கூடாது என்பது எல்லாத் தொடக்கப் பாடங்களிலும் வருவது. ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவுக்கே எடுப்பது நல்லது. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே இடையில் டிரைவர் வேண்டும் என்பதை அறிந்திருந்தேன். பேட்டரியும் அதே கணத்தில் திணறும் என்பதை அறிந்திருக்கவில்லை. செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்தே பலகைக்கும் மோட்டார்களுக்கும் மின்சாரம் கொடுத்தேன். வண்டி ஓர் அங்குலம் நகரும், நிற்கும், மீண்டும் ஓர் அங்குலம் நகரும். நிரலில்தான் தவறு என்று எண்ணி இரண்டு நாள் வரி வரியாகத் தேடினேன்.

மின்னணுப் பழுது பார்ப்பதில் நெடுநாள் பழக்கமுள்ள அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். “நிரலை அப்புறம் பார்க்கலாம், தம்பி. மீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடு” என்றார். முள் இல்லாத டிஜிட்டல் மீட்டரில்கூட அந்த வீழ்ச்சி தெளிவாகத் தெரிந்தது: ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாக நின்ற எண், மோட்டார்கள் தொடங்கியதும் ஐந்துக்கும் கீழே போய்த் திரும்பியது. அந்தச் சரிவில் பலகை அணைந்து மறுபடி தொடங்குகிறது என்பதை உறுதி செய்ய, தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் 13-ஆம் பின்னின் விளக்கை மூன்று முறை சிமிட்டும்படி எழுதினேன். வண்டி ஒவ்வோர் அங்குலம் நகர்ந்தபோதும் விளக்கு மூன்று முறை சிமிட்டியது. நிரல் முதல் சில வரிகளைத் தாண்டவே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இன்றும் எந்தப் புதிய நிரலிலும் அந்த மூன்று சிமிட்டல்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

அதன்பின் மோட்டார்களுக்கு ஆறு ரீசார்ஜ் செல்களைத் தொடராக இணைத்து 7.2 வோல்ட்டும், பலகைக்கு ஒரு சிறிய பவர் பேங்க்கும் எனத் தனித்தனியாகக் கொடுத்தேன். எல்298என் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. தன்னளவில் ஏறத்தாழ 2 வோல்ட்டை வெப்பமாக்கிவிடும். மீதமுள்ள 5 வோல்ட் இந்த மோட்டார்களுக்குப் போதுமானது. இரண்டு மின்வழிகள் இருந்தாலும் கிரவுண்ட் கம்பி ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். அது விடுபட்டால் டிரைவருக்குப் பலகை அனுப்பும் சைகைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அடிமட்டம் இருக்காது, மோட்டார்கள் தம் விருப்பப்படி நடந்துகொள்ளும்.

அடுத்தது வேகம். அனலாக்ரைட் என்ற கட்டளைக்கு 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த விகிதத்தில் மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தி வேகத்தைக் குறைக்கும். ஒரே எண்ணை இரு மோட்டார்களுக்கும் கொடுத்தால் வண்டி நேராகப் போகும் என்று எதிர்பார்த்தேன். அது வலப்பக்கம் வளைந்து சென்றது. சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். இடது மோட்டார் 78-இல் சுழலத் தொடங்கியது; வலது மோட்டார் 91 வரை முனகிக்கொண்டு நின்றது. ஒரே அச்சில் வார்த்த பொருள்கள் ஆனாலும் இரண்டும் இரண்டு இயல்பு. இந்த இரு எண்களையும் நிரலில் எழுதி, வேகத்தை அங்கிருந்து கணக்கிட்டபோது வளைவு பெருமளவு குறைந்தது.

இனி சென்சார். ஐஆர் சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் பாய்ச்சி, திரும்பி வரும் அளவை எண்ணாகத் தருகிறது. ஆர்டுயினோ ஊனோ அதை 0 முதல் 1023 வரை படிக்கும். என்னுடைய இணைப்பில் ஒளி கூடக் கூட எண் குறையும்; வெள்ளைத் தரையில் 70 அளவும், கறுப்பு டேப்பின் மேல் 800 அளவும் வந்தன. இடையில் 400 என்று கோடு கிழித்து, அதற்கு மேல் என்றால் கறுப்பு என்று எழுதினேன். காலையில் அருமையாக ஓடிய வண்டி பிற்பகலில் சன்னலோரப் பகுதியில் மட்டும் கோட்டைத் தவறவிட்டது. அந்த இடத்தில் வைத்துப் படித்தால் கறுப்பு டேப் 350 காட்டியது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு என்பதால், சாய்ந்து விழுந்த வெயில் சென்சாரின் கண்ணுக்குக் கறுப்பை வெளுக்க வைத்துவிட்டது. கறுப்பு அட்டையில் ஒரு பாவாடை போல வெட்டிச் சென்சார்களைச் சுற்றி ஒட்டினேன். அத்துடன், தொடங்கியதும் வண்டி நின்ற இடத்திலேயே மூன்று வினாடி இருபுறமும் ஆடி, ஒவ்வொரு சென்சாரின் மிகக் குறைந்த, மிகக் கூடிய எண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் எல்லா அளவுகளையும் 0 முதல் 1000 வரையிலான ஒரே அளவுகோலுக்கு மாற்றும்படி செய்தேன்.

இந்த இடத்தில்தான் பின்னால் என்னைப் பெரிதும் அலைக்கழித்த பிழையின் தம்பியை முதன்முதலாகச் சந்தித்தேன். அளவுகோலை மாற்றும் கணக்கு எளியது: வந்த எண்ணிலிருந்து குறைந்த எண்ணைக் கழித்து, 1000-ஆல் பெருக்கி, இடைவெளியால் வகுக்க வேண்டும். 770 வந்தால், 700-ஐ 1000-ஆல் பெருக்கி 730-ஆல் வகுத்து 958 கிடைக்க வேண்டும். எனக்கு -28 கிடைத்தது. ஊனோவில் இன்ட் (முழு எண்) வகை மாறிக்கு, அதாவது எண்ணை வைத்திருக்கும் பெயருக்கு, 16 பிட் இடம்தான். 32767-க்கு மேல் அதில் கொள்ளாது. ஏழு லட்சத்தை அதில் அடைத்தபோது, 65536-இன் மடங்குகள் கழிந்து -20896 என்று எஞ்சி, அதை 730-ஆல் வகுத்ததுதான் அந்த -28. மாறியை 32 பிட் இடமுள்ள லாங் வகைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. நோட்டில் “பெருக்கும்போது லாங் பயன்படுத்துக” என்று மட்டும் எழுதினேன். பிழையைப் பெருக்கலோடு சேர்த்துப் புரிந்துகொண்டதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

கோட்டைப் பின்தொடரும் முதல் நிரல் மூன்றே விதிகளால் ஆனது. இடது சென்சார் கறுப்பைக் கண்டால் இடப்பக்கம் திரும்பு. வலது கண்டால் வலப்பக்கம் திரும்பு. நடு கண்டால் நேராகப் போ. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும், வண்டி திரும்பி முடிக்க அவகாசம் தருவதாக எண்ணி, டிலே கட்டளையால் 50 மில்லி வினாடி நிறுத்தம் கொடுத்திருந்தேன். வண்டி கோட்டை அடிக்கடி தாண்டிக் குதித்துப் போனது. நிரல் வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒருநாள் ஸ்கேலை எடுத்து டேப்பின் அகலத்தை அளந்தேன்: 18 மில்லிமீட்டர். வினாடிக்கு 40 சென்டிமீட்டர் போகும் வண்டி 50 மில்லி வினாடியில் 20 மில்லிமீட்டர் போய்விடும். டிலே நடக்கும்போது நிரல் எதையும் படிக்காது. அதாவது வண்டி தன் கோட்டின் அகலத்தைவிட அதிகமான தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறது. அவகாசம் என்று நான் கொடுத்தது குருட்டு நேரம். எல்லா டிலேக்களையும் நீக்கினேன். வண்டி நெளிந்து நெளிந்து சென்றாலும் கோட்டை விடாமல் சென்றது.

அந்த நெளிவு ஏன் என்று அறிய, நிரல் முதலிலிருந்து கடைசிவரை ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சென்சார்களின் எண்களையும் இரு மோட்டார்களின் வேகங்களையும் கணினித் திரையின் சீரியல் மானிட்டரில் அச்சிடும் வரியைச் சேர்த்து, நீண்ட யுஎஸ்பி கம்பியைப் பிடித்தபடி வண்டியின் பின்னால் நடந்தேன். நெளிவு இன்னும் மோசமானது. அச்சிடும் வரியை நீக்கினால் பழைய நிலைக்கு வந்தது. கம்பி இழுப்பதால் என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பியைக் கழற்றிவிட்டு, அச்சிடும் வரியை மட்டும் விட்டுவைத்தபோதும் அதே மோசம். வினாடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று கணக்கிட்டால் வினாடிக்கு 960 எழுத்துகளே போகும். என் வரியில் 30 எழுத்துகள் இருந்தன. அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகளுக்கான இடம் 64 மட்டுமே ஆதலால், முதல் இரண்டு வரிகளுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றும் 31 மில்லி வினாடி காத்து நிற்கும். நோயைப் பார்க்க வைத்த கருவியே நோயைக் கூட்டியது. அனுப்பும் வேகத்தை 115200-க்கு உயர்த்தி, அரை வினாடிக்கு ஒருமுறை மட்டும் அச்சிடும்படி மாற்றினேன். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்பதை முதல் நாளே அளந்து வையுங்கள்.

நெளிவைப் போக்க மூன்று விதிகளுக்குப் பதிலாக, விலகலின் அளவு, அது மாறும் வேகம், அதன் தொடர் கூட்டல் ஆகிய மூன்றையும் கொண்டு திருத்தும் பிஐடி முறைக்கு மாறினேன். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி இந்த முறையைக் கப்பலுக்காகக் கணிதமாக எழுதியபோது, சுக்கான் பிடிப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்கினார். அனுபவமுள்ளவர் கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அது எவ்வளவு விரைவாக நேர்வழிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்த்து, திரும்பி முடிவதற்கு முன்பே சுக்கானைத் தளர்த்துகிறார். என் வண்டிக்கு இல்லாமல் இருந்தது அந்தத் தளர்த்தல்தான். மூன்று சென்சார்களின் எண்களிலிருந்து, கோடு முழுக்க இடப்பக்கம் என்றால் -1000, நடுவில் என்றால் 0, வலப்பக்கம் என்றால் 1000 என்று ஒரே விலகல் எண்ணைக் கணக்கிட்டேன். விலகலை 0.08-ஆல் பெருக்கியதும், சென்ற முறைக்கும் இம்முறைக்கும் விலகலில் உள்ள வேறுபாட்டை 0.6-ஆல் பெருக்கியதும் சேர்ந்து இரு மோட்டார்களின் வேக வித்தியாசமாக அமைந்தன. இந்த எண்களைத் தேடிய முறை எளிது: இரண்டாவதைச் சுழியாக வைத்து, வண்டி ஆடத் தொடங்கும்வரை முதலாவதைக் கூட்டினேன், பிறகு ஆட்டம் அடங்கும்வரை இரண்டாவதைக் கூட்டினேன். தொடர் விலகலைக் கூட்டிவைக்கும் ‘ஐ’ பகுதி என் வண்டிக்குத் தேவைப்படவில்லை.

வேறுபாட்டைக் கணக்கிடுவது என்றால் இரு அளவுகளுக்கு இடையே உள்ள காலம் மாறாமல் இருக்க வேண்டும். எனவே பலகை தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லி வினாடிகளைச் சொல்லும் மில்லிஸ் கட்டளையைப் பார்த்து, சென்ற முறையிலிருந்து 10 மில்லி வினாடி கழிந்திருந்தால் மட்டும் கணக்கைச் செய் என்று எழுதினேன். பலன் உடனே தெரிந்தது. வளைவுகளில் வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகிழ்ச்சி அரை நிமிடம் நீடித்தது. திடீரென்று வண்டி பழையபடி ஆடத் தொடங்கி, அடுத்த வளைவில் கோட்டை விட்டு வெளியேறியது.

மறுபடி விட்டேன். அதே கதை. அந்த வளைவில்தான் குறை என்று டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். வேறு இடத்திலிருந்து தொடங்கினால் வேறு இடத்தில் ஆடியது. மோட்டார் டிரைவர் சூடாவதாலோ என்று விரலால் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். செல்களை முழுதாகச் சார்ஜ் செய்தேன், மாற்றமில்லை. நான்கு நாள் இப்படியே போனபின், இடம் மாறுகிறதே, நேரம் மாறுகிறதா என்ற கேள்வி எழுந்தது. சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்து ஸ்டாப்வாட்சால் அளந்தேன். 33, 34, 33. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வினாடியில் அது கெடுகிறது. வெப்பத்துக்கும் பேட்டரிக்கும் இத்தனை துல்லியமான கடிகாரம் கிடையாது. நிரலிலிருந்தே நேரத்தை அச்சிட்டுப் பார்த்தபோது, கடைசியாக ஒழுங்காக இருந்த எண் 32760-களில் இருந்தது.

அந்த எண்ணைக் கண்டதும் நோட்டின் பழைய பக்கம் நினைவுக்கு வந்தது. சென்ற முறையின் நேரத்தை வைத்திருக்கும் மாறியை இன்ட் என்று எழுதியிருந்தேன். 32767 மில்லி வினாடிக்குப் பிறகு அது நிரம்பி, -32768 என்று எதிர்மறைக்குப் புரண்டுவிடுகிறது. மில்லிஸ் தரும் உண்மையான நேரத்திலிருந்து அதைக் கழித்தால் வித்தியாசம் 65536-ஐச் சுற்றி வரும். அது எப்போதும் 10-ஐவிடப் பெரிது. ஆகவே ‘10 மில்லி வினாடி கழிந்ததா’ என்ற கேள்விக்கு விடை என்றென்றும் ‘ஆம்’ ஆகிவிட, கணக்கு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான இடைவெளியில் ஓடத் தொடங்குகிறது. அவ்வளவு குறுகிய இடைவெளியில் இரு அளவுகளுக்கு இடையே வேறுபாடு ஏதும் இருக்காது. வேறுபாடு சுழியானால் தளர்த்தும் பகுதி மறைந்துவிடுகிறது; சுக்கான் பிடித்தவர் பாதி வழியில் தூங்கிவிட்டார். வண்டி ஆடியதற்கு முழு விளக்கம் அதுதான். இன்ட் என்ற ஒரு சொல்லை, எதிர்மறை இல்லாத 32 பிட் வகையான அன்சைன்ட் லாங் என்று மாற்றினேன். மில்லிஸ் தானும் 49.7 நாளில் நிரம்பிச் சுழிக்குத் திரும்பும். ஆனால் இரு பக்கமும் ஒரே வகை என்றால் கழித்தல் அப்போதும் சரியாகவே வரும். இதே நிரலை இன்ட்டுக்கு 32 பிட் தரும் பலகைகளில் ஓட்டியிருந்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டே இருக்காது.

அல்ட்ராசோனிக் சென்சாரைச் சேர்த்தபோது, நேரத்தைப் பற்றிய கவனம் முன்கூட்டியே வந்திருந்தது. 10 மைக்ரோ வினாடி சைகை கொடுத்தால் அது 40 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வந்துசேர ஆகும் காலத்தைத் தருகிறது. மைக்ரோ வினாடியை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். எதிரொலி வராவிட்டால், அந்தக் காலத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை, நாம் வரம்பு சொல்லாதவரை, ஒரு வினாடிவரைகூடக் காத்திருக்கும் தன்மையுடையது. எனக்கு 30 சென்டிமீட்டருக்குள் இருப்பது தெரிந்தால் போதும். அதற்கு 1740 மைக்ரோ வினாடி. எனவே 3000 என்று வரம்பு வைத்து, 60 மில்லி வினாடிக்கு ஒருமுறை மட்டும் அளக்கச் செய்தேன். அந்தச் சென்சாரை இருபுறமும் திருப்ப ஒரு சர்வோ மோட்டாரைச் சேர்த்ததும் இரு சக்கரங்களும் வேகக் கட்டுப்பாட்டை இழந்தன. ஊனோவில் சர்வோ லைப்ரரி டைமர் என்னும் உள்கடிகாரம் ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் 9, 10 ஆகிய பின்களில் மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் பிடபிள்யூஎம் முறை வேலை செய்யாது. என் சக்கரங்கள் அந்த இரண்டிலும்தான் இருந்தன. கம்பிகளை 5, 6 ஆகியவற்றுக்கு மாற்றினேன். அங்கே அதிர்வெண் 490-லிருந்து 980 ஹெர்ட்ஸாக உயர்வதால், மோட்டார்களின் முனகலும் ஒரு படி மேல் சுருதிக்குப் போனது.

இப்போது மிஞ்சியிருப்பது செங்கோணத் திருப்பம். அங்கே மூன்று சென்சார்களும் ஒரே நேரத்தில் வெள்ளையைக் காண்பதால், விலகல் எண்ணுக்குப் பொருள் இல்லாமல் போகிறது. கோடு கடைசியாக எந்தப் பக்கம் தெரிந்தது என்பதை நினைவில் வைத்து, மறுபடி கறுப்பைக் காணும்வரை அந்தப் பக்கமாக நின்ற இடத்தில் சுழலும்படி எழுதினேன். பத்துத் திருப்பங்களில் எட்டு சரியாகின்றன. தவறும் இரண்டில், வண்டி வேகம் காரணமாக மூலையைத் தாண்டிச் சறுக்கிப்போகிறது. எவ்வளவு தாண்டியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, 20 துளைகள் கொண்ட வட்டத் தகடுகளைச் சக்கர அச்சுகளில் மாட்டி, அவற்றின் சென்சார்களை 2, 3 ஆகிய, சைகை வந்ததும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்ட் பின்களில் இணைத்திருக்கிறேன். ஒரு துளை என்பது தரையில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். துளைகளை எண்ணும் மாறியை வாலடைல் (எந்நேரமும் மாறக்கூடியது) அன்சைன்ட் லாங் என்று நேற்று எழுதி முடித்தேன். சக்கரத்தைக் கையால் பத்து முறை சுற்றிப் பார்த்ததில் 200 என்று சரியாக எண்ணியது.